பேஜ்மேக்கரில் இருக்கிறது எங்கள் ஊர்

அடோபி நிறுவனம் பேஜ்மேக்கர் மென்பொருளை மேம்படுத்துவதை 2004-ல் நிறுத்திவிட்டது. அந்த ஆண்டு பிறந்த பெண்பிள்ளைகளுக்கு எங்கள் பக்கம் இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அந்தக் கல்யாணங்களுக்கான பத்திரிகையும் பேஜ்மேக்கரில்தான் தயாராகிறது. கம்பைநல்லூரில் நான் நடத்தும் டிடிபி கடையில் மட்டுமல்ல, காரிமங்கலம், மொரப்பூர், அரூர் பக்கம் எனக்குப் பழக்கமான கடைகளிலும் திரையில் திறந்திருப்பது அந்த 7.0 பதிப்புதான். அது 2001-ல் வந்தது. அதற்குப் பிறகு அதில் ஒரு பொத்தான்கூட இடம் மாறவில்லை.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் கடையில் வந்து உட்காருவான். "அத்தை, இதெல்லாம் மியூசியத்துல இருக்க வேண்டியது. ஏன் இன்னும் இதையே புடிச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்பான். அவன் அன்போடு கேட்கிறான். இதே கேள்வியை வேறு தொனியிலும் கேட்டிருக்கிறேன். சின்ன ஊர்க்காரர்களுக்குப் புதியது எதுவும் ஏறாது, அவர்கள் பழகியதை விட மாட்டார்கள் என்கிற தொனி அது. அந்த எண்ணம் தவறு. நாங்கள் பேஜ்மேக்கரை விடாமல் வைத்திருப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. அதே சமயம், அதோடு சேர்ந்து அழியப்போகிற ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

பேஜ்மேக்கரை உருவாக்கிய பால் பிரெய்னர்ட் செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வந்தவர். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து நாளிதழில் வேலை பார்த்துவிட்டு, நாளிதழ்களுக்குக் கணினி அமைப்புகள் செய்துகொடுத்த ஏடெக்ஸ் நிறுவனத்துக்குப் போனார். அந்த நிறுவனம் அவர் இருந்த கிளையை மூடியபோது, கூட வேலை பார்த்த பொறியாளர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு 1984-ல் சியாட்டிலில் ஆல்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நகரில் கைக்கு அடக்கமான புத்தகங்களை அச்சடித்துப் பெயர்பெற்ற ஆல்டஸ் மனுஷியஸின் பெயரைத்தான் நிறுவனத்துக்கு வைத்தார். மறு ஆண்டே ஆப்பிள் மெக்கின்டாஷுக்கு பேஜ்மேக்கர் வந்தது. விண்டோஸுக்கு 1987-ல் வந்தது. எங்கள் கடைப் பலகைகளில் இருக்கிற டிடிபி என்கிற மூன்றெழுத்தின் விரிவான 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்பதும் அவர் வைத்த பெயர்தான். 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. பிரெய்னர்ட் தன் பணத்தில் இயற்கைப் பாதுகாப்புக்காக ஓர் அறக்கட்டளையை அமைத்துக்கொண்டு தொழிலிலிருந்து விலகினார்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். அவர் பக்கம் ஒட்டும் மேசையைக் கண்ணால் பார்த்தவர். நானும் பார்த்திருக்கிறேன். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு தர்மபுரியில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு பக்கம் டிரெடில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பாசிட்டர் அண்ணன்கள் கேஸ் முன்னால் நின்று ஸ்டிக்கில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு அறையில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் இருந்தது. லேசர் பிரின்டரில் எடுத்த பத்திகளைப் பிளேடால் வெட்டி, கோடு போட்ட அட்டையில் பசை தடவி ஒட்டுவோம். தலைப்பு ஒரு துண்டு, படம் ஒரு துண்டு, பெயர்ப் பட்டியல் ஒரு துண்டு. இடம் கிடைக்காத துண்டுகளை மேசையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருப்போம்.

பேஜ்மேக்கரைத் திறந்தால் அதே மேசைதான். நடுவில் தாள். சுற்றிலும் வெற்றிடம். எதை வேண்டுமானாலும் அந்த வெற்றிடத்தில் தள்ளி வைக்கலாம், வேண்டும்போது இழுத்துக்கொள்ளலாம். முதலில் பெட்டி போடு, பிறகு அதற்குள் எழுது என்று அது கட்டாயப்படுத்துவதில்லை. எழுத்துக் கருவியை எடுத்து எங்கே சொடுக்குகிறீர்களோ அங்கே அடிக்கலாம். பத்தி நீளமாகிவிட்டதா? கீழ்க்கரையைப் பிடித்து மேலே தூக்கினால் மிச்ச வரிகள் உள்ளே போய்விடும், கரையில் சிவப்பு முக்கோணம் தெரியும். அதைச் சொடுக்கி வேறு இடத்தில் வைத்தால் மிச்ச வரிகள் அங்கே இறங்கும். கம்பாசிட்டராக இருந்த அண்ணன் ஒருவருக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கையால் செய்த வேலையைத் திரையில் பார்த்தார், செய்யத் தொடங்கிவிட்டார்.

எங்கள் பக்கத்து வேலையைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. பாரத நோட்டீஸ் என்பது சாதாரண வேலை இல்லை. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், கடைசி நாள் துரியோதனன் படுகளம் என்று நாள்வாரியாகப் போட வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் தேதி, கிழமை, கூத்து செட்டின் பெயர், அன்றைய உபயதாரர்கள். கீழே ஊர்க்கவுண்டர், மந்திரிகவுண்டர், கோல்காரர், தர்மகர்த்தா, விழாக் குழு, இளைஞர் அணி. பெயர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதில் ஊரின் மரியாதை இருக்கிறது. ஒரு பெயர் மேலே கீழே போனால் பாரதமே ஒரு நாள் தள்ளிப்போகிற ஊர்களும் உண்டு.

நோட்டீஸ் அடிக்க நான்கைந்து பேர் சேர்ந்து வருவார்கள். எனக்குப் பின்னால் நின்றுகொண்டே சொல்வார்கள். "யக்கா, அவர அந்தப் பக்கம் போடு. இவங்க பங்காளிங்க, சேத்துப் போடு." "ஆறாவது நாள் உபயம் மாறிடுச்சிம்மா, பெரியவரு போயிட்டாரு, மகன் பேரப் போடு." அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் மாற வேண்டும். போன ஆண்டு கோப்பைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, கன்ட்ரோல்-இ அடித்தால் ஸ்டோரி எடிட்டர் திறக்கும். அலங்காரம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் தெரிகிற சன்னல் அது. தேடி மாற்றுகிற வசதி அதற்குள்தான் இருக்கிறது. நோட்டீஸ் முழுக்க ஆண்டை மாற்றுவதும், இறந்தவர் பெயருக்குப் பதில் மகன் பெயரைச் சேர்ப்பதும் அதில் நொடியில் முடியும். மறுபடி கன்ட்ரோல்-இ அடித்தால் பக்கத்துக்கு வந்துவிடலாம். நீளமான பெயர் வரியில் அடங்கவில்லை என்றால் எழுத்தின் அகலத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கலாம். எந்த விசை எங்கே என்று நான் யோசிப்பதில்லை. காதும் கண்ணும் வந்தவர்களிடம் இருக்கும், கை தன் வேலையைச் செய்யும்.

பேஜ்மேக்கரின் ஈர்ப்பு இதுதான் என்று நினைக்கிறேன். அது மாறாததால் என் கவனம் முழுவதும் எதிரே இருக்கிற மனிதர்மேல் இருக்க முடிகிறது. இழவு வீட்டிலிருந்து காரியப் பத்திரிகை அடிக்க வருகிறவர் கண் கலங்கிக்கொண்டே பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வார். அந்த நேரத்தில் "புதிய பதிப்பு வந்திருக்கிறது" என்று ஓர் அறிவிப்பு திரையை மறைத்தால், மெனு இடம் மாறியிருந்தால், உள்ளே நுழைய கடவுச்சொல் கேட்டால், அவரிடமிருந்து என் முகத்தைத் திருப்ப வேண்டிவரும். பேஜ்மேக்கர் ஒரு நாளும் என்னை அப்படிச் செய்யவைத்ததில்லை.

நினைவகம் குறைந்த பழைய கம்ப்யூட்டரிலும் அது சட்டென்று திறக்கும். இன்டர்நெட் வேண்டாம். மின்சாரம் போய் வந்தாலும் மறுபடி வேலையில் உட்கார நேரம் ஆகாது. பதினாறு பக்க மலர் ஒன்றைச் செய்தால், மடித்துப் பின் அடிக்கிற வரிசையில் பக்கங்களை அதுவே அடுக்கித் தரும். எங்கள் வேலையில் பாதி ஒற்றை நிறம்தான். பட்டர் ஷீட்டில் லேசர் அவுட் எடுத்து மினி ஆப்செட்டுக்குக் கொடுப்போம், இல்லையென்றால் சிவகாசியிலிருந்து வருகிற அட்டைகளில் ஸ்கிரீன் பிரின்டிங் செய்வோம். அதற்கு இது போதும். புதிய மென்பொருளுக்கு மாதா மாதம் வாடகை கட்ட வேண்டும். ஐப்பசியிலும் மார்கழியிலும் கடையில் வரும்படி ஒரே மாதிரி இருக்காது. மார்கழியில் எங்கள் பக்கம் கல்யாணமே கிடையாது.

விலை விஷயத்தில் இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் பல கடைகளில் இருப்பது உரிமம் வாங்கிய பிரதி இல்லை. இப்போது வாங்க நினைத்தாலும் கடையில் கிடைக்காது. நிறுவனம் கைவிட்ட ஒரு பொருளை நம்பி ஒரு மாநிலத்தின் அச்சுத் தொழிலில் பெரிய பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பாதுகாப்பான நிலை அல்ல.

இனி குறையைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு பேஜ்மேக்கரைப் பிடிக்கும் என்பதால்தான் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துகளின் எண்கள் மட்டும். அந்த எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்து எங்கள் காலத்து எழுத்துருக்களைச் செய்தார்கள். உதாரணமாக, ஈழத் தமிழர்களிடமிருந்து உலகமெங்கும் பரவிய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்கிற ஆங்கிலக் குறிகள். பாமினி இருக்கிற கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் யாருக்கும் விளங்காத குப்பை. செந்தமிழ், வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டாம், டாப் என்று பொதுவான குறியீடுகளைக் கொண்டுவந்தது. ஆனால் கடைக்காரர்கள் கையில் எது இருந்ததோ அதிலேயே தொடர்ந்தோம்.

யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-லேயே, தமிழுக்கு இடம் இருந்தது. பேஜ்மேக்கர் கடைசிவரை யூனிகோடைக் கற்றுக்கொள்ளவில்லை. இன்று வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்புகிறார்கள். அதை அப்படியே எடுத்து பேஜ்மேக்கரில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். அதனால் நடுவில் ஒரு மாற்றி வைத்திருக்கிறோம். யூனிகோடைப் பழைய குறியீட்டுக்கு மாற்றி உள்ளே அனுப்புகிறோம். நாடு முழுக்க யூனிகோடை நோக்கிப் போகும்போது, நாங்கள் ஒவ்வொரு நாளும் நல்ல தமிழைப் பின்னோக்கி மாற்றி ஒரு பூட்டிய பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது யோசித்திருக்கிறார்களா? என் கடையின் வன்தட்டில், நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அடித்த பத்திரிகைகள் இருக்கின்றன. ஒரு கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி முதல் தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, அத்தை மாமா வரை பெயர்கள் இருக்கும். எந்த ஊர், எந்தக் கொட்டாய், என்ன தொழில் என்று இருக்கும். முன்பெல்லாம் பெயருக்குக் கீழே விவசாயம் என்று போட்டார்கள். பிறகு மேஸ்திரி, ஓசூர் கம்பெனி, பெங்களூர், திருப்பூர் என்று மாறியது. பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் போடத் தொடங்கியதும் என் கண் முன்னால் நடந்ததுதான். முதலில் பிளஸ் டூ, அப்புறம் டி.டெட்., அப்புறம் பி.இ., இப்போது எம்.எஸ்ஸி., பி.எட். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்களும் பத்திரிகையைத் தமிழில் அடிக்கிறார்கள், உறவுமுறைகளை மட்டும் அவர்கள் வழக்கப்படி போடச் சொல்வார்கள். தென்பெண்ணைக் கரையில் இருமத்தூர் பக்கத்திலிருந்து மொரப்பூர் ரயில் நிலையம் வரையிலான ஊர்களின் குடும்ப வரலாறு இந்தக் கோப்புகளில் கிடக்கிறது. எந்தக் கல்வெட்டும் எந்த அரசுப் பதிவேடும் இவ்வளவு விவரத்தை வைத்திருக்காது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று இருக்கும். யார் யாருக்கு எந்த வரிசையில் மரியாதை கொடுத்தார்கள் என்பது என் கோப்பில் இருக்கிறது.

பாரத நோட்டீஸ்கள் இன்னும் அரியவை. எந்த ஊரில் எந்த ஆண்டு எந்த கூத்து செட் ஆடியது, பாரதம் எத்தனை நாள் நடந்தது, எந்தக் கூத்து பட்டியலிலிருந்து விடுபட்டது, எந்த இரவு கூத்துக்குப் பதில் இன்னிசைக் கச்சேரி வந்தது, எல்லாம் அவற்றில் இருக்கிறது. தர்மபுரி மாவட்டத்துத் தெருக்கூத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் வயதானவர்களின் நினைவை நம்பிக் கேட்டு எழுதுகிறார்கள். அச்சடித்த தாள் சுவரிலேயே மழையில் கரைந்துவிட்டது. கோப்பு மட்டும்தான் மிச்சம்.

இந்தக் கோப்புகளைத் திறக்க இன்னும் எத்தனை காலம் முடியும்? விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் அளித்த ஆதரவு 2014-ல் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020-ல். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில். ஒவ்வொரு முறையும் பேஜ்மேக்கரை ஏற்றுவது இன்னும் கடினமாகிறது. அடோபியின் இன்டிசைனில் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிற வசதி சிஎஸ்6 பதிப்போடு நின்றுவிட்டது. பல கடைகளில் இதற்காகவே ஒரு பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அதன் வன்தட்டு நின்றுபோனால், அல்லது கடைக்காரர் கண் மூடினால், பிள்ளைகள் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவார்கள். இது நடந்துகொண்டும் இருக்கிறது. இந்தத் தொழிலில் என்னோடு தொடங்கிய பலர் இப்போது கடையில் இல்லை.

ஆனால் வழி இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் என்கிற இலவச, கட்டற்ற மென்பொருள் 2015-ல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. கைவிடப்பட்ட கோப்பு வடிவங்களுக்குள் மாட்டிக்கொண்ட எழுத்தை வெளியே எடுப்பதற்காகவே தன்னார்வலர்கள் உழைத்து எழுதிய நிரல் அதற்குள் இருக்கிறது. அலங்காரம் கொஞ்சம் கலையும், எழுத்து வந்துவிடும். பிறகு எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்துகொண்டு, மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் மாற்றி இந்த வேலையைச் செய்கிறது. எந்தெந்தக் கடையில் எந்த எழுத்துரு புழங்கியது என்பது அந்தக் கடைக்காரருக்குத்தான் தெரியும். அந்த அறிவு இருக்கிறவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம். இந்த வேலையைச் செய்ய வேண்டிய காலம் இதுதான்.

புதிய பக்க வடிவமைப்புக்கும் கட்டற்ற கருவி உண்டு. ஸ்கிரைபஸ் என்று பெயர். அதில் தமிழ் எழுத்து நெடுநாள் சரியாக வரவில்லை, கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும். இப்போது அந்தக் குறை தீர்ந்து, 2024 தொடக்கத்தில் வந்த 1.6 என்கிற நிலையான பதிப்பில் நம் எழுத்துகள் ஒழுங்காக இணைகின்றன. வாடகையும் இல்லை, உரிமச் சிக்கலும் இல்லை. எந்த நிறுவனம் கைவிட்டாலும் வேறு யாராவது எடுத்து நடத்த முடியும்.

என் கை அதற்குப் பழகுமா என்றால், பழகும். அதற்கு என்னிடமே சான்று இருக்கிறது. நான் முதலில் கற்றது டைப்ரைட்டர். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா பல ஆண்டுகள் உழைத்துத் தமிழுக்கென விசைப்பலகை அமைத்து, 1930-களில் ஜெர்மனியில் தட்டச்சுப் பொறியைச் செய்துவாங்கினார். அவர் போட்ட பாதையில் வந்த விசைப்பலகைதான் எங்கள் இன்ஸ்டிடியூட்டில் இருந்தது. அந்தப் பொறிகள் இன்று குறைந்துவிட்டன. தயாரித்த தொழிற்சாலைகளும் அந்த வேலையை விட்டுவிட்டன. ஆனால் விசைகளின் வரிசை அழியவில்லை. அது எந்த நிறுவனத்தின் சொத்தாகவும் இல்லாததால் பேஜ்மேக்கருக்குள் வந்தது, அங்கிருந்து என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற மென்பொருள்கள் வழியாக யூனிகோடுக்கும் வந்துவிட்டது. பள்ளி முடித்த வயதில் கற்ற அதே விரல் அசைவில்தான் இந்தக் கட்டுரையையும் யூனிகோடில் அடிக்கிறேன். பழகிய கை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும். போவதற்கு யாராவது பாலம் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

அந்தப் பாலத்தைத்தான் அரசிடம் கேட்கிறேன். தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அறிவிப்பு அரசு அலுவலகங்களுக்குப் போனது. டிடிபி கடைகளுக்கு யாரும் வரவில்லை. 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பேஜ்மேக்கருக்கு ஒரு முழுப் பாடம் இருக்கிறது. நிறுவனம் கைவிட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து எழுதிய பாடம் அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுக் கடைக்கு வந்து, "இங்க நெசமாவே இருக்குதே" என்று ஆசையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது மகிழ்ச்சிதான், ஆனால் ஓர் ஆசிரியரின் கண்ணோடு பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பள்ளியில் படித்ததை வீட்டில் போட்டுப் பார்க்க அந்தப் பிள்ளையால் முடியாது. அதற்கு விற்பனையும் இல்லை, இலவசமும் இல்லை. பக்கம் அமைப்பதன் அடிப்படைகளை, வரி இடைவெளி, ஓரம், எழுத்தின் அளவு, பத்தி ஓட்டம் எல்லாவற்றையும், கட்டற்ற மென்பொருளில் யூனிகோடு தமிழில் கற்றுக்கொடுக்கலாம். வீட்டில் கணினி இருக்கிற பிள்ளை அன்று மாலையே அதைச் செய்து பார்க்கும்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் ஓலைச்சுவடிகளையும் பழைய நூல்களையும் மின்னாக்கம் செய்கிறது. மிக நல்ல பணி. அதன் பட்டியலில் டிடிபி கோப்புகளையும் சேர்க்க வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் இடத்தில் ஒரு முகாம் போட்டால் போதும். பழைய வன்தட்டோடு வருகிற கடைக்காரருக்குக் கோப்புகளை மாற்றிக் கொடுக்க வேண்டும், ஸ்கிரைபஸில் உட்காரவைத்து அவர் வழக்கமாகச் செய்கிற கல்யாணப் பத்திரிகையையே செய்யச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பயிற்சி என்று அழைத்து மேடை போட்டு மூன்று மணி நேரம் பேசுவதால் எங்கள் தொழிலில் யாருக்கும் எதுவும் ஏறாது. ஒரு வேலையை முடித்துக் காட்டினால் அன்றே ஏறும். பேஜ்மேக்கரில் பழகிய விசைகளையே ஸ்கிரைபஸில் அமைத்து ஒரு கோப்பாகத் தந்தால் பாதி தயக்கம் போய்விடும்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை என்பது குடும்பத்தின் சொத்து. பெயர்கள், ஊர், சில சமயம் கைப்பேசி எண், பிள்ளைகளின் படங்கள்கூட இருக்கும். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கக் கூடாது. சாதி விவரங்களும் அவற்றில் இருப்பதால் தவறான கைகளுக்குப் போனால் கேடு. குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் ஒரு தாள்கூட வெளியே போகாது என்று எழுத்தில் உறுதி இருந்தால்தான் கடைக்காரர்கள் தருவோம். எங்களை நம்பித்தான் அவர்கள் வீட்டுப் பெயர்களைச் சொன்னார்கள்.

அதனால் பொதுவில் வைக்கக்கூடிய பாரத நோட்டீஸ்களிலிருந்து நான் தொடங்கிவிட்டேன். வேலை இல்லாத மத்தியான நேரங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்தை எடுத்து, யூனிகோடுக்கு மாற்றி, ஊர்வாரியாக அடுக்குகிறேன். மாற்றி தவறவிடுகிற எழுத்துகளைக் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. பழைய 'ணை', 'லை' வடிவங்கள் வருகிற இடங்களில் கூடுதல் கவனம் தேவை. முடிந்ததைப் பென் டிரைவில் போட்டு, இந்த ஆண்டு பாரதத்துக்கு நோட்டீஸ் அடிக்க வருகிற ஊர்க்காரர்களிடமே கொடுக்கிறேன். அவர்கள் ஊரில் எந்தெந்த ஆண்டு யார் ஆடினார்கள் என்று கைப்பேசியில் தேடிப் பார்க்கிறார்கள். அப்பா பெயரைத் தேடி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். தர்மபுரியில் முகாம் போட யாராவது முன்வந்தால், வன்தட்டோடும் எழுத்துரு வட்டுகளோடும் நான் வருகிறேன். அரூர், காரிமங்கலம் கடைக்காரர்களையும் அழைத்து வருவது என் பொறுப்பு.